தொகுதியும் தொகுத்தவரும்

2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தேறின. மாநில மேலவை உறுப்பினர் அறுவர், பதவிக்காலம் முடியும் முன்னரே தம் தொகுதி மக்கள் முன் மீண்டும் நிறுத்தப்பட்டனர். அவர்களைப் பதவியில் வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மக்கள் வாக்களித்துக்கொண்டிருந்தனர். அதே நாளில் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர், தொகுதிகளின் எல்லைகளையே மாற்றி வரைந்த ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அன்றைய பேச்செல்லாம் முதல் நிகழ்ச்சியைப் பற்றியதாகவே இருந்தது. ஆனால் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்கு அம்மாநிலச் சட்டமன்றத்தின் போக்கை முடிவு செய்தது இரண்டாவது நிகழ்ச்சிதான்.

'தொகுதி' என்ற சொல் 'தொகு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தொகை, தொகுப்பு எல்லாம் அதன் உறவுகள். சங்கப் பாடல்களைத் தொகை நூல்களாக்கிய நம் முன்னோர், தொகுத்தவர் பெயரையும் தொகுப்பித்தவர் பெயரையும் பல நூல்களுக்குக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தேர்தல் தொகுதிகளுக்கு இந்த வழக்கம் கிடையாது. இந்தத் தெருவினர் ஒரு தொகுதி, அடுத்த தெருவினர் வேறொரு தொகுதி என்று பிரித்தவர் யார் என்பது வாக்குச்சீட்டில் அச்சாவதில்லை. தொகுதி என்பது மலையையும் ஆற்றையும் போல இயற்கையாகவே அமைந்து கிடப்பதாக எண்ணி நாமும் வாக்களித்துவிட்டு வந்துவிடுகிறோம்.

மக்கள் தம் பிரதிநிதியைத் திரும்ப அழைக்கலாம் என்பது ஓர் உரிமை. பிரதிநிதிகள் தமக்குரிய மக்களை மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்பது ஓர் அதிகாரம். இரண்டும் ஒரே அவையில், ஒரே கோடைக்காலத்தில் மோதிக்கொண்டால் எது வெல்லும்? விஸ்கான்சினில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

*

திரும்ப அழைக்கும் உரிமை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எழுந்த முற்போக்கு இயக்கத்தின் குழந்தை. இரயில் கம்பெனிகளும் மர வியாபாரிகளும் சட்டமன்றங்களை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள் என்ற கோபத்தில் பிறந்த இயக்கம் அது. ஆரிகன் மாநிலம் 1908இலும் கலிபோர்னியா 1911இலும் அவ்வுரிமையைத் தம் அரசியல் சட்டத்தில் சேர்த்தன. விஸ்கான்சின் இவ்வியக்கத்தின் தலைமை வீடு எனலாம். 1901 முதல் 1906 வரை அங்கு ஆளுநராக இருந்த இராபர்ட் லா ஃபாலெட், கட்சி வேட்பாளர்களைக் கட்சித் தலைவர்கள் அறைக்குள் அமர்ந்து தேர்ந்தெடுக்கும் முறையை ஒழித்து, மக்களே முதன்மைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர். (அமெரிக்க மாநில ஆளுநர் நம் ஊர் ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்.) லா ஃபாலெட் 1925இல் மறைந்தார். மறு ஆண்டு, 1926இல், திரும்ப அழைக்கும் உரிமை விஸ்கான்சினின் அரசியல் சட்டத்தில் ஏறியது.

விதி எளிமையானது. பதவியேற்று ஓராண்டு கடந்திருக்க வேண்டும். கடைசி ஆளுநர் தேர்தலில் அத்தொகுதியில் பதிவான வாக்குகளில் நான்கில் ஒரு பங்கு எண்ணிக்கையில் கையொப்பங்களை அறுபது நாட்களுக்குள் திரட்ட வேண்டும். திரட்டினால் தேர்தல். உறுப்பினர் குற்றம் செய்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிடிக்கவில்லை என்பதே போதும். அத்துடன், இவ்வுரிமையைத் தடுக்கவோ குறைக்கவோ எந்தச் சட்டமும் இயற்றப்படலாகாது என்றும் அரசியல் சட்டம் சொல்கிறது. இந்தக் கடைசி வாசகத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எழுபது ஆண்டுகள் வரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் எவரும் இவ்விதியால் பதவி இழக்கவில்லை. முதலில் இழந்தவர் ஜார்ஜ் பெட்டாக். மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள இரேசீன் நகரையும் அதன் மாவட்டத்தையும் உள்ளடக்கிய 21ஆவது மேலவைத் தொகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் அவர். மில்வாக்கி பேஸ்பால் அணிக்குப் புதிய மைதானம் கட்ட ஐந்து மாவட்டங்களில் 0.1 விழுக்காடு விற்பனை வரி விதிக்கும் மசோதா 1995 அக்டோபரில் மேலவைக்கு வந்தது. தம் மாவட்டத்தை அந்த வரிக்குள் கொண்டுவந்தால் எதிர்ப்பேன் என்று சொல்லியிருந்த பெட்டாக், கடைசி நேரத்தில் ஆதரித்து வாக்களித்தார். மசோதா 16க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியது. இரேசீன் மக்கள் மறக்கவில்லை. 1996 ஜூனில் அவரைத் திரும்ப அழைத்தனர். அந்த ஓர் இடம் கைமாறியதால் 33 பேர் கொண்ட மேலவையில் பெரும்பான்மையே குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சிக்கு மாறியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவரை அவருடைய மக்களே தண்டித்தனர். 1926இல் விதியை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது இத்தகைய காட்சிதான்.

*

2011இன் கதை வேறு வகையானது. அவ்வாண்டு ஜனவரியில் ஆளுநரான ஸ்காட் வாக்கர், பிப்ரவரியில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். காவல் துறையினரும் தீயணைப்புத் துறையினரும் நீங்கலாக, ஏனைய அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் தம் சங்கங்கள் வழியாகக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை அடிப்படைச் சம்பளம் ஒன்றோடு நிறுத்திவிடுவது அதன் சாரம். அரசு ஊழியர் சங்கங்களுக்குக் கூட்டுப் பேர உரிமையை 1959இலேயே, எல்லா மாநிலங்களுக்கும் முன்னதாக, சட்டமாக்கிய மாநிலம் விஸ்கான்சின். தலைநகர் மேடிசனில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தனர்.

மேலவையில் குடியரசுக் கட்சிக்கு 19 பேர், ஜனநாயகக் கட்சிக்கு 14 பேர். நிதி தொடர்பான மசோதாவை நிறைவேற்ற அவையில் 20 பேராவது இருக்க வேண்டும். எனவே பிப்ரவரி 17 அன்று ஜனநாயகக் கட்சியின் 14 பேரும் மாநில எல்லையைத் தாண்டி இல்லினாய்க்குச் சென்றுவிட்டனர். மூன்று வாரங்கள் இழுபறி. மார்ச் 9 அன்று ஆளுங்கட்சி, மசோதாவிலிருந்து நிதி தொடர்பான பகுதிகளை உருவிவிட்டு, எஞ்சியதை எதிர்க்கட்சியினர் ஒருவரும் இல்லாத அவையில் 18க்கு 1 என்று நிறைவேற்றியது. இரண்டு நாட்களில் அது சட்டமாயிற்று.

இனி இரு தரப்புக்கும் எஞ்சியிருந்த ஆயுதம் 1926ஆம் ஆண்டு விதி. சட்டத்தை ஆதரித்தவர்கள் மீது ஜனநாயகக் கட்சியினரும், ஓடிப்போனவர்கள் மீது குடியரசுக் கட்சியினரும் கையொப்பம் திரட்டினர். ஓராண்டு நிறைவு செய்திருந்த 16 பேர் மீதும் முயற்சி நடந்து, 9 பேர் மீது தேர்தல் உறுதியாயிற்று: குடியரசுக் கட்சியில் அறுவர், ஜனநாயகக் கட்சியில் மூவர். ஒரு மாநிலத்தில் ஒரே கோடையில் இத்தனை பேர் திரும்ப அழைக்கும் தேர்தலைச் சந்தித்தது அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் நிகழாதது. பெட்டாக்கின் காலத்தில் ஒரு தொகுதி மக்கள் தம் உறுப்பினர் மீது கொண்ட கோபமாக இருந்தது, இப்போது இரு கட்சிகளின் படையெடுப்பாக மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று இடங்களைக் கூடுதலாகப் பிடித்தால் மேலவை ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்துவிடும். குடியரசுக் கட்சியினர் தம் ஆதரவாளர்களையே எதிர்க்கட்சி வேட்பாளர்கள் என்ற பெயரில் முதன்மைத் தேர்தலில் நிற்க வைத்தனர். இதனால் ஜூலை 12 அன்று நடந்து முடிந்திருக்க வேண்டிய அறுவர் தேர்தல் ஆகஸ்டு 9க்குத் தள்ளிப்போயிற்று. அந்த நான்கு வார இடைவெளியில்தான் வரைபட மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது.

*

பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதி எல்லைகளை மாற்றி வரைவது அமெரிக்க வழக்கம். விஸ்கான்சினில் அதைச் செய்வது சட்டமன்றமே. ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். இரு கட்சிகளும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டிருந்ததால் 1982, 1992, 2002 ஆகிய மூன்று முறையும் உடன்பாடு ஏற்படாமல் கூட்டாட்சி நீதிமன்றமே வரைந்தது. இடையில் 1983இல் ஆளுநர் பதவியும் இரு அவைகளும் தம் கைக்கு வந்தபோது, ஜனநாயகக் கட்சியினர் நீதிமன்ற வரைபடத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தமக்கேற்ற ஒன்றை இயற்றிக்கொண்டனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆசை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று.

2011இல் முழு அதிகாரமும் குடியரசுக் கட்சியிடம் இருந்தது. வரைபடம் சட்டமன்றத்தில் வரையப்படவில்லை. எதிர்ப்புறத்தில் இருந்த ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் அறையில் வரையப்பட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் ஏறத்தாழ அனைவரும் தனித்தனியே அழைக்கப்பட்டு, இரகசியம் காப்போம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் தத்தம் தொகுதியைப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். பின்னாளில் வழக்கு விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி சுவையானது. வரைவுகள் சிலவற்றுக்கு வரைந்தவர்கள் 'அழுத்தமானது', 'ஆக்கிரமிப்பானது' என்று பொருள்படும் பெயர்களைச் சூட்டியிருந்தனர்.

அதுவரை, உள்ளாட்சி மன்றங்கள் முதலில் வார்டுகளை வரையும். அவற்றைச் சேர்த்துச் சட்டமன்றத் தொகுதிகள் அமைக்கப்படும். இம்முறை அவ்வரிசையே மாற்றப்பட்டது. ஜூலை 19 அன்று மேலவையும் மறுநாள் கீழவையும் மசோதாவை நிறைவேற்றின. ஜூலை 19 என்பது திரும்ப அழைக்கும் தேர்தல்களில் முதலாவது நடந்த நாளும்கூட. ஆகஸ்டு 9 அன்று, அறுவரின் தலைவிதி முடிவாகும் முன்னர், ஆளுநர் கையொப்பமும் விழுந்துவிட்டது.

அன்று இரவு இரண்டு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் தோற்றனர், நால்வர் தப்பினர். ஜனநாயகக் கட்சியின் மூவரும் தத்தம் தேர்தல்களில் வென்றனர். மேலவை 17க்கு 16 என்றாயிற்று. வேண்டியிருந்தவை மூன்று இடங்கள்; கிடைத்தவை இரண்டு. மூன்றாவதும் கிடைத்திருந்தாலும் வரைபடம் அதற்குள் சட்டமாகியிருந்தது.

இங்கே ஒரு வினோதமான கேள்வி எழுந்தது. புதிய எல்லைகள் 2012 நவம்பர் தேர்தல் முதல் நடைமுறைக்கு வரும் என்று சட்டம் சொன்னது. அதற்கு முன் இன்னொரு சுற்றுத் திரும்ப அழைக்கும் தேர்தல் வந்தால், வாக்களிக்க வேண்டியவர்கள் யார்? அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த பழைய தொகுதி மக்களா, வரைபடம் புதிதாக அவருக்கு ஒதுக்கிய மக்களா? புதிய எல்லைகளையே பயன்படுத்த வேண்டும் என்று குடியரசுக் கட்சியினர் வழக்குத் தொடுத்தனர். ஒருபோதும் அவரைத் தேர்ந்தெடுக்காதவர்கள் அவரைத் 'திரும்ப' அழைப்பது எப்படி? இறுதியில் பழைய எல்லைகளிலேயே தேர்தல் நடந்தது.

2012 ஜனவரியில் ஆளுநர் வாக்கருக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட மனுவில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் செல்லும் என்று ஏற்கப்பட்டன, தேவைப்பட்டவை 5,40,208. ஜூன் 5 அன்று நடந்த தேர்தலில் வாக்கர் 53 விழுக்காடு பெற்று வென்றார். திரும்ப அழைக்கும் தேர்தலில் தப்பிய முதல் அமெரிக்க ஆளுநர் அவரே. ஆனால் அதே நாளில் மேலவையின் ஓர் இடம் கைமாறியது. அது எந்தத் தொகுதி? பெட்டாக்கை அனுப்பிய அதே 21ஆவது தொகுதி, இரேசீன். வான் வாங்கார்ட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினரை, ஜனநாயகக் கட்சியின் ஜான் லேமன் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்கடித்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே மக்களால் மேலவையின் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு மாறியது.

அந்த வெற்றியால் விளைந்தது என்ன? சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. நவம்பரில் புதிய எல்லைகளில் தேர்தல் நடந்து, மேலவை 18க்கு 15 என்று மீண்டும் குடியரசுக் கட்சியிடம் சென்றது. முந்தைய கோடையில் வென்ற இருவரில் ஒருவரான ஜெசிகா கிங்கும் அப்போது தோற்றார். 21ஆவது தொகுதிக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கதையின் உயிர்நாடி. பழைய முறையில் இரேசீன் மாவட்டம் ஒரு தொகுதியாகவும், தெற்கே உள்ள கெனோஷா மாவட்டம் 22ஆவது தொகுதியாகவும் ஏறத்தாழ அமைந்திருந்தன. புதிய வரைபடம் இரேசீன், கெனோஷா ஆகிய இரு நகரங்களையும் பிடுங்கி 22இல் சேர்த்தது. இரு மாவட்டங்களின் நாட்டுப்புறப் பகுதிகளைச் சேர்த்து 21 ஆக்கியது. நகரங்கள் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவை. நாட்டுப்புறம் குடியரசுக் கட்சிக்கு. 2014இல் வாங்கார்ட் புதிய 21இல் நின்று எளிதாக மேலவைக்குத் திரும்பினார். லேமன் அங்கு போட்டியிடவே இல்லை.

இரேசீன் மக்கள் தம் உரிமையைப் பயன்படுத்தி வென்ற நாளில், அவர்களுடைய தொகுதி தாளில் ஏற்கெனவே கலைக்கப்பட்டிருந்தது. திரும்ப அழைக்கும் உரிமையைக் குறைக்கும் சட்டம் கூடாது என்று 1926இல் எழுதி வைத்தார்கள். 2011இல் அவ்வுரிமையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல், அதைப் பயன்படுத்தும் மக்கள்கூட்டத்தை மட்டும் பிரித்துவிட்டார்கள். சட்டம் மீறப்படவில்லை, அழைத்த குரலுக்குரிய வாய் இல்லாமல் போயிற்று.

*

2012 நவம்பரில் கீழவைக்கான வாக்குகளில் குடியரசுக் கட்சி பெற்றது 48.6 விழுக்காடு, கிடைத்த இடங்கள் 99இல் 60. பராக் ஒபாமா அதே நாளில் அம்மாநிலத்தை வென்றிருந்தார். ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் மில்வாக்கியிலும் மேடிசனிலும் நெருக்கமாகக் குடியிருப்பதே காரணம் என்று குடியரசுக் கட்சியினர் விளக்கம் கூறினர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் நிலம் செய்ததை விடப் பென்சில் செய்தது அதிகம் என்பதை வரைவுகளின் பெயர்களே காட்டிக்கொடுத்தன.

வழக்குகளின் நெடும்பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012இல் கூட்டாட்சி நீதிமன்றம் இரகசியத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் மில்வாக்கியில் இலத்தீன் அமெரிக்க வாக்காளர்களைப் பாதித்த இரண்டு தொகுதிகளை மட்டுமே திருத்தச் சொன்னது. சட்டப் பேராசிரியர் வில்லியம் விட்ஃபோர்டும் பிறரும் தொடுத்த வழக்கில் 2016இல் வரைபடம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 2018இல் உச்ச நீதிமன்றம், வழக்காடிகள் தனிப்பட்ட பாதிப்பை நிறுவவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பியது. 2019இல் வேறொரு வழக்கில், கட்சி நலனுக்காக எல்லை வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் கதவைச் சாத்திவிட்டது.

எஞ்சியிருந்தது மாநில உச்ச நீதிமன்றம். விஸ்கான்சினில் அதன் நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 ஏப்ரலில், வரைபடங்கள் முறைகேடானவை என்று வெளிப்படையாகவே சொல்லிப் போட்டியிட்ட ஜேனட் புரோட்டசேவிச் வென்றார். அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் 4க்கு 3 என்று, 2011இன் அச்சிலேயே 2022இல் வார்க்கப்பட்டிருந்த வரைபடத்தை நீக்கியது. தொகுதி என்பது தொடர்ச்சியான நிலமாக இருக்க வேண்டும் என்ற எளிய விதியை அது மீறியிருந்தது. 2024 பிப்ரவரியில் ஆளுநர் டோனி எவர்ஸ் புதிய எல்லைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். நவம்பரில் கீழவை 54க்கு 45 என்றாயிற்று. முன்னர் இருந்தது 64க்கு 35. பெரும்பான்மை குடியரசுக் கட்சியிடமே இருந்தது என்றாலும், தோற்கக்கூடும் என்ற அச்சம் அவைக்குத் திரும்பியது. ஒரு நீதிபதி தேர்தலின் வழியாக வரைபடம் மாறியதை ஜனநாயகத்தின் வெற்றி என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. நீதிமன்றமும் கட்சிக் களமாகிவிட்டது என்று மறுதரப்பு வருந்துகிறது. இரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதே நேர்மை எனத் தோன்றுகிறது.

இதற்கிடையில் 2024இல், கீழவைத் தலைவர் இராபின் வோஸ் தமக்குப் போதிய விசுவாசம் காட்டவில்லை என்று டிரம்ப் ஆதரவாளர் சிலர் அவரைத் திரும்ப அழைக்கக் கையொப்பம் திரட்டினர். வோஸ் இரேசீன் மாவட்டத்துக்காரர். 2011 வரைபடத்தை நிறைவேற்றிய அவையில் இருந்தவர். உடனே பழைய கேள்வி எழுந்து நின்றது. பழைய எல்லைகள் செல்லாதவை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது; புதியவை நவம்பரில்தான் நடைமுறைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அவருடைய தொகுதி எது? தேர்தல் ஆணையம் நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. நீதிமன்றம் தர மறுத்துவிட்டது. இரண்டு முறை முயன்றும் செல்லுபடியாகும் கையொப்பங்கள் போதவில்லை என்று மனுக்கள் தள்ளப்பட்டன.

அரசியல் சட்டங்கள் 'மக்கள்' என்று தொடங்கும்போது, அம்மக்கள் முன்னமே ஒரு கூட்டமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கின்றன. தேர்ந்தெடுப்பது, திரும்ப அழைப்பது ஆகிய எல்லா உரிமைகளும் அந்த எண்ணத்தின் மேல் நிற்பவை. இரேசீன் மக்கள் இருமுறை மேலவையைப் புரட்டிப் போட்டார்கள். 1996இல் அவ்வெற்றி நிலைத்தது; 2012இல் நிலைக்கவில்லை. அவர்களுடைய மனம் மாறிவிட்டதால் அப்படி நேரவில்லை. இடையில் அவர்களை வேறு விதமாகத் தொகுத்துவிட்டார்கள். தொகுத்தவர்களின் பெயர் நீதிமன்றத்தில் கேட்டுத்தான் தெரியவேண்டியிருந்தது.